நாடோடியும் நோயாளியும்

கலைப்படைப்பொன்றைப் பலர் முன்னிலையில் பாராட்டிப் பேசிவிட்டு, பின்னர் அப்பாராட்டில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்வது விமர்சகனுக்கு மகிழ்ச்சி தரும் காரியமன்று. ஆயினும் அத்தகைய கடமையொன்று இன்று எனக்கு நேர்ந்துள்ளது.

குளோயி ஷாவோ நெறிப்படுத்திய 'நோமாட்லாண்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் 2020ஆம் ஆண்டு வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்க விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு சிறந்த படம், சிறந்த நெறியாள்கை, சிறந்த நடிகை என்னும் மூன்று ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவருக்கென நடைபெறும் கலைவட்டத்தில் அண்மையில் அதனைத் திரையிட்டோம். திரையிடுமுன் நான் கால்மணி நேரம் பேசினேன். வீடிழந்து வான் வண்டியொன்றையே வீடாக்கிக்கொண்ட விதவை ஒருத்தியின் துயரம், பாலைநிலத்தின் பேரமைதியிலே கரைந்து போவதைக் கவித்துவத்துடன் காட்டும் படம் என்றெல்லாம் கூறினேன். படம் முடிந்தது. பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், அந்த மனுசி கிளினிக்குக்கு எங்கை போறவ?"

சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தாயார் மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் அரசினர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து பெற்று வருபவர் என்பதை நான் பின்னரே அறிந்தேன். அன்று அவளுக்கு என்னால் விடை கூற முடியவில்லை. விடை படத்தில் இருக்கவில்லை. அது இல்லாதிருப்பதை நான் கவனித்திருக்கவும் இல்லை. கவித்துவத்தைக் கண்டவனுக்குக் கிளினிக் தென்படவில்லை என்றால், குறை படத்தினுடையதா, பார்த்தவனுடையதா? இரண்டும் என்றே எனக்கு இப்பொழுது தோன்றுகிறது.

முதலிற் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றோர் ஊர் இருந்தது. கட்டடங்களுக்கான ஜிப்சம் பலகை செய்யும் ஆலையொன்றை நம்பி வாழ்ந்த ஊர் அது. வீடுகளும் கம்பனிக்கே உரியவை. 2011ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. அதனுடன் ஊரும் மூடப்பட்டது. தபால் குறியீட்டு இலக்கம்கூட நீக்கப்பட்டது. இது கற்பனையன்று, நடந்த செய்தி. இவ்வூரிலே கணவனையும் வீட்டையும் இழந்த பேர்ண் என்னும் பெண், பழைய வான் ஒன்றிலே படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு புறப்படுகிறாள். குளிர்காலத்தில் அமேசான் நிறுவனத்தின் பண்டகசாலையில் பொதி கட்டுகிறாள். கோடையில் சுற்றுலா முகாமொன்றில் மலகூடம் கழுவுகிறாள். அறுவடைக்காலத்தில் சீனிக்கிழங்கு ஏற்றுமிடத்தில் நிற்கிறாள். இடையிடையே தன்னைப் போன்ற வண்டிவாசிகளைச் சந்திக்கிறாள். பிரான்சிஸ் மக்டோர்மண்டின் நடிப்பு மிக உயர்ந்தது என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வண்டிவாசிகளாக வரும் பெரும்பாலோர் தொழில்முறை நடிகரல்லர். லிண்டா மே, சுவாங்கி, பொப் வெல்ஸ் ஆகியோர் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகின்றனர்.

இப்படத்துக்கு மூலமானது ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட அதே பெயருடைய நூல். அது நாவலன்று. ஆசிரியை தாமும் ஒரு வண்டி வாங்கி, அதிற் படுத்துறங்கி, மூன்றாண்டு காலமாகப் பதினையாயிரம் மைலுக்கு மேல் இவர்களோடு திரிந்து, பண்டகசாலையிலும் கிழங்கு அறுவடையிலும் சிறிதுகாலம் கூலி வேலையும் செய்து எழுதியது. மாணவியின் கேள்விக்குப் பின்னரே நூலைத் தேடிப் படித்தேன். படத்துக்கும் நூலுக்கும் இடையே விழுந்து காணாமற்போனவை யாவை என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

நூலின் நாயகி லிண்டா மே அறுபதைக் கடந்தவர். பண்டகசாலையிலே பொருள்களின் குறியீட்டைப் படிக்கும் கைக்கருவியை ஒரு நாளில் எண்ணற்ற தடவை உயர்த்தி அழுத்தியதனால் அவரது வலது மணிக்கட்டு பழுதடைந்தது. தலைச்சுற்றலும் அவரை வருத்திற்று. கொங்கிறீற்றுத் தரையிலே நாளொன்றுக்குப் பதினைந்து மைல்வரை நடக்கவேண்டியிருந்த முதியவர்களைப் புரூடர் காட்டுகிறார். அப்பண்டகசாலைகளின் சுவர்களிலே இலவச வலிமாத்திரை வழங்கும் பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் பதிவு செய்கிறார். இந்த ஒரு விபரம் நூறு பக்க வருணனைக்கு நிகரானது. நோய் தொழிலின் தற்செயல் விளைவன்று. தொழிலைத் திட்டமிடும்போதே எதிர்பார்த்துக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒன்று என்பதை அப்பெட்டி மௌனமாகக் கூறிவிடுகிறது.

படத்திலோ அதே பண்டகசாலை வெளிச்சமும் ஒழுங்கும் கொண்ட ஓர் இடமாகத் தோன்றுகிறது. உண்மையான பண்டகசாலைக்குள் நிறுவனத்தின் அனுமதியுடனேயே படம் பிடிக்கப்பட்டது. உணவு வேளையில் தொழிலாளர் சிரித்துப் பேசுகின்றனர். அங்கு நல்ல சம்பளம் கிடைப்பதாகப் பேர்ண் ஒருவரிடம் கூறுகிறாள். மணிக்கட்டு இல்லை; வலிமாத்திரைப் பெட்டி இல்லை. அனுமதி பெற்று உள்ளே நுழைந்த கமெராவுக்கு எவை தெரியும், எவை தெரியா என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏன் முதியவர்கள்? ஏன் வண்டிகள்? நூல் இக்கேள்விகளுக்கு விடை தேடுகிறது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வீடும் சேமிப்பும் இழந்தோர் பலர். ஓய்வூதியமாகக் கிடைக்கும் தொகை வீட்டு வாடகைக்கே போதாது. பன்னிரண்டு வயதிலிருந்து உழைத்த தனக்கு மாதம் ஐந்நூற்றைம்பது டொலரே கிடைக்கும் என்று கண்ட கதையை லிண்டா மே படத்திலும் சொல்கிறார். அக்காட்சிக்காக ஷாவோவுக்கு நன்றி கூறலாம். கிறிஸ்மஸ் காலத்திலே பொதிகள் குவியும்போது பண்டகசாலைக்குத் தொழிலாளர் தேவை. பண்டிகை முடிந்ததும் தேவையில்லை. சொந்த வண்டியில் வந்து, பருவம் முடிந்ததும் சொந்த வண்டியிலேயே மறைந்துவிடும் தொழிலாளர் கூட்டமொன்று முதலாளிக்கு எவ்வளவு வாய்ப்பானது! 2008இலிருந்து அமேசான் இதனை ஒரு தனித்திட்டமாகவே நடத்திற்று. மேலும், சிலவகை அரச உதவிப்பணம் பெறுவோரை வேலைக்கமர்த்தினால், அவர்களது கூலியிலே 25 முதல் 40 வீதம் வரையிலான தொகை வரிச்சலுகையாக முதலாளிக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதையும் புரூடர் எடுத்துக்காட்டுகிறார்.

எமது மலையகத் தோட்டங்களிலே வெள்ளைத்துரைமார் தொழிலாளருக்கு லயன் அறைகளையாவது கட்டவேண்டியிருந்தது. மனிதர் வாழத் தகாத அறைகள்தாம்; எனினும் அவை முதலாளியின் செலவிற் சேர்ந்தவை. இங்கு தொழிலாளி தன் லயனைத் தானே நான்கு சக்கரங்களில் ஏற்றிக்கொண்டு வருகிறான். கம்பனி கொடுப்பது வண்டி தரித்து நிற்கும் இடத்துக்கான கட்டணத்தை மாத்திரமே. உழைப்புச் சக்தியைப் பேணி மறுநாளைக்கு ஆயத்தமாக்கும் செலவு, அதாவது உறைவிடம், மருந்து, முதுமை ஆகியவற்றின் செலவு முழுவதும் உழைப்பவன் தலையிலேயே விழுகின்றது.

இனி நோய்க்கு வருவோம்.

படத்திலே நோயுறுவோர் இருவர். ஒருவன் டேவ் என்னும் வண்டிவாசி. திடீரென்று குடலழற்சி கண்டு சத்திரசிகிச்சைக்கு ஆளாகிறான். பேர்ண் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சென்று பார்க்கிறாள். அடுத்து நாம் காணும்போது அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அமெரிக்காவிலே அவசர சத்திரசிகிச்சைக்கு வந்த கட்டணம் எவ்வளவு, யார் கொடுத்தார், எத்தனை ஆண்டுக் கடனாக அது அவனைத் தொடரும் என்று படம் கேட்பதில்லை. வண்டியின் இயந்திரம் பழுதுபட்டபோது மாத்திரம் கணக்கு மிகத் துல்லியமாகக் காட்டப்படுகிறது: 2,300 டொலர். அதற்காகப் பேர்ண் சகோதரியிடம் கடன் கேட்டுப் போகவேண்டியிருக்கிறது. அவ்வீட்டிலே அவமானப்படவும் வேண்டியிருக்கிறது. வண்டி பழுதுபட்டால் செலவு உண்டு, மனிதன் பழுதுபட்டால் செலவு இல்லை என்று கருதும்படி பார்வையாளன் விடப்படுகிறான்.

மற்றவர் சுவாங்கி. படத்தில் இவருக்குப் புற்றுநோய். அது மூளைக்கும் பரவிவிட்டது. இன்னும் ஏழெட்டு மாதமே உயிர் வாழ்வார். ஆஸ்பத்திரியில் கிடந்து சாக விரும்பாது, தான் முன்பு கண்டு மகிழ்ந்த வடநாட்டு நீர்நிலைகளை மீண்டும் காணப் புறப்படுகிறார். ஆற்றோரப் பாறையிலே கூடு கட்டிய தகைவிலான் குருவிகளை நினைவுகூர்கிறார். பின்னர் அவரது மறைவுச் செய்தி வருகிறது. நண்பர்கள் நெருப்பைச் சூழ நின்று அவருக்காகக் கல்லெறிந்து அஞ்சலி செய்கின்றனர். எனது கண்களும் கலங்கின. ஆனால் உண்மையான சுவாங்கிக்கு அத்தகைய புற்றுநோய் இருக்கவில்லை. அவர் இறக்கவுமில்லை. படம் வெளியானபின் தம் மரணத்தைத் தாமே திரையில் காணும் வாய்ப்பைப் பெற்றவர் அவர்.

கலைஞனுக்குக் கற்பனை செய்யும் உரிமையில்லை என்று நான் கூறவரவில்லை. யதார்த்தவாதம் என்பது நடந்ததை நடந்தவாறே பிரதிசெய்வதன்று. அது வெறும் இயற்பண்புவாதம். கேள்வி வேறு. சொந்தப் பெயருடனும் சொந்த முகத்துடனும் திரையில் நிற்கும் ஒரு முதியவளுக்கு, அவளிடம் இல்லாத ஒரு நோயைக் கடன்கொடுக்கவேண்டிய தேவை நெறியாளருக்கு ஏன் ஏற்பட்டது? உயிரோடு வண்டியில் வாழும் முதியவளின் அன்றாட உடல்வாதைகள் கலைக்கு ஏன் போதவில்லை?

எனது எண்ணம் இது. கொல்லும் நோயைக் கலை விரும்புகிறது. கொல்லாது கூடவே வாழும் நோயை அது வெறுக்கிறது. கொல்லும் நோய்க்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் உண்டு. நாடகத்துக்கு வேண்டிய அமைப்பு அதிலேயே பொதிந்துள்ளது. எங்கள் தமிழ்ப் படங்களைப் பாருங்கள்: கதாநாயகி இரத்தப் புற்றுநோயால் அழகு குன்றாது இறப்பாளேயன்றி, மூட்டுவாதத்தால் நாற்பது ஆண்டு மாடிப்படி ஏற முடியாது வருந்துவதில்லை. நாட்பட்ட நோய்க்குக் கதையமைப்பு இல்லை. நேற்றைய மாத்திரையே இன்றைய மாத்திரை. அதன் துன்பம் சலிப்பின் துன்பம், செலவின் துன்பம். இதைவிட முக்கியமான வேறுபாடும் ஒன்றுண்டு. இறக்கப்போகிறவள் சமுதாயத்திடம் எதையும் கேட்பதில்லை. அவளுக்காகக் கண்ணீர் விட்டால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இருபதாண்டு உயிர் வாழப்போகும் நோயாளியோ மாதந்தோறும் மருந்து கேட்கிறாள்; வைத்தியர் கேட்கிறாள்; குளிர்ச்சியான ஓரிடம் கேட்கிறாள். கண்ணீரால் அவளது கணக்கைத் தீர்க்க முடியாது. சுவாங்கிக்குக் கொடுக்கப்பட்ட புற்றுநோய், உண்மையில் பார்வையாளருக்குக் கொடுக்கப்பட்ட விடுதலைப் பத்திரமே.

வண்டி வாழ்க்கையிலே நாட்பட்ட நோய் எப்படி இயங்குகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சலரோகிக்கு இன்சுலின் வேண்டும். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைத்திருத்தல் வேண்டும். திறந்தபின் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரமளவே அது பயன்தரும். அரிசோனாப் பாலைவனத்திலே கோடை வெயில் நாற்பது பாகையைத் தாண்டுகிறது. மூடிய வண்டியினுள் அதனிலும் கூடும். ஆகவே ஒரு சிறு குளிரூட்டி வேண்டும், அதற்கு மின்கலம், அதற்குக் கூரையில் சூரியத் தகடு, அல்லது இயந்திரத்தை ஓடவிடப் பெற்றோல். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையவனுக்கு இரவு முழுவதும் இயங்கும் சுவாசக் கருவி வேண்டும். அதுவும் அதே மின்கலத்தைக் குடிக்கும். சிறுநீரகம் பழுதுபட்டு வாரம் மும்முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டியவனோ நாடோடியாகவே இருக்க முடியாது. வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டு ஓரிடத்தில், மருந்துக்கடை இன்னோரிடத்தில், நோயாளி மூன்றாமிடத்தில். வறியோருக்கான அரச மருத்துவ உதவி அந்நாட்டிலே மாநிலந்தோறும் தனித்தனியாக நிருவகிக்கப்படுவது. மாநில எல்லையைக் கடந்தால் அது பெரும்பாலும் பின்தங்கிவிடும். முதியோருக்கான மருத்துவக் காப்புறுதி அறுபத்தைந்து வயதிலேயே தொடங்கும். தொடங்கினும், பல், மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி ஆகியவற்றின் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. முதியோர் காப்புறுதியுடையோருக்கு இன்சுலினின் விலை மாதம் 35 டொலருக்கு மேற்படலாகாது என்ற வரையறைகூட 2022ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மறு ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. உலகின் பெருஞ்செல்வ நாட்டு முதியவர்கள் பல் பிடுங்கவும் கண்ணாடி மாற்றவும் மலிவாக மருந்து வாங்கவும் எல்லை கடந்து மெக்சிக்கோவின் லோஸ் அல்கொடோனஸ் என்னும் சிற்றூருக்குச் செல்வதைப் புரூடர் விரிவாக எழுதுகிறார். பல்வைத்தியர்களாலேயே நிறைந்த ஊர் அது.

இத்தனைக்கும் மேலாக, இரவு எங்கே வண்டியை நிறுத்துவது என்ற கவலை. லொஸ் ஏஞ்சலஸ் நகரம் வண்டியில் வாழ்வதையே குற்றமாக்கும் சட்டமொன்றை 1983இலிருந்து வைத்திருந்தது. எது வாழ்தல், எது வெறுமனே பொருள் ஏற்றிச்செல்லுதல் என்று எவரும் அறியமுடியாதவாறு அது தெளிவற்றது எனக் கூறி 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. ஆனால் 2024 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், பொதுவிடங்களில் முகாமிட்டுத் துயில்வோரைத் தண்டிக்கும் நகரசபைச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று தீர்த்தது. தண்டனைக்குரியது வறுமையன்று, படுப்பதே என்பது அத்தீர்ப்பின் நுட்பம். கறுப்புத் துணியால் வண்டிக் கண்ணாடிகளை மறைத்து, விளக்கணைத்து, ஓசையின்றி இருமலை அடக்கிக்கொண்டு படுப்பவர்களின் இரவு, ஷாவோவின் அந்திவானக் காட்சிகளில் எங்குமே இல்லை. வண்டியின் கதவை இரவில் எவனோ தட்டிப் பேர்ணை எழுப்பும் ஒரு கணம் உண்டு. வாளியொன்றில் அவள் வயிற்றுப்போக்கால் அவதியுறும் காட்சியும் உண்டு. அவ்விரண்டையும் மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவனாவேன்.

அந்தக் கறுப்புத் துணியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது சிறுபாணாற்றுப்படை. வறுமையுற்ற கலைஞர் குடும்பத்தின் அடுக்களையை அந்நூல் காட்டுகிறது: கூரை இற்று விழுந்த இடம்; குட்டியீன்ற நாய், பாலற்ற வேதனையிலே குரைக்கிறது; குப்பையிலே கிள்ளிவந்த கீரையை உப்பின்றி வெந்து, பிறர் கண்டு பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டளவாகியும் வறுமை கதவடைத்தே உண்கிறது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிச்செலவிற் பிறந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்ற ஒருவன் பெறாத இன்னொருவனுக்கு வழிகூறுவது. அரிசோனாவின் குவார்ட்சைற் பாலைவெளியிலே 2010இலிருந்து பொப் வெல்ஸ் கூட்டிவந்த வண்டிவாசிகள் சந்திப்பும் ஒருவகை ஆற்றுப்படையே. எங்கே கட்டணமின்றித் தரிக்கலாம், எங்கே பொலிசார் எழுப்பமாட்டார், எந்தப் பருவத்தில் எங்கே கூலி கிடைக்கும் என்று பெற்றவர் பெறாதவருக்குக் கூறுகின்றனர். வேறுபாடு ஒன்றே. பாணனின் வழி நல்லியக்கோடனின் வாயிலிற் சென்று முடிந்தது. இவர்களது வழி பண்டகசாலையின் வாயிலில் முடிந்து, பருவம் கழிந்ததும் மீண்டும் அங்கிருந்தே தொடங்குகிறது.

எமது பண்டிதர் சிலர் பாணரின் வறுமையை மறந்து, அவர்தம் 'சுதந்திர' வாழ்வை வியந்து எழுதியதுண்டு. ஊர் ஊராய் அலைபவனைக் கண்டால் துறவி என்று கும்பிடும் பழக்கம் எங்கள் இரத்தத்தில் ஊறியது. நான் படத்தைப் பார்த்துப் பேர்ணிடம் ஒரு சித்தரின் சாயலைக் கண்டதும் இப்பழக்கத்தினாலேயே. படமும் அதற்கு இடங்கொடுக்கிறது: இருமுறை அவளுக்கு ஒரு வீட்டில் இடம் அளிக்கப்படுகிறது, சகோதரி வீட்டிலும் டேவின் மகன் வீட்டிலும். இருமுறையும் அவள் மறுத்துவிட்டு வண்டிக்குத் திரும்புகிறாள். அக்கணத்திலே பொருளாதார நிர்ப்பந்தம் குணவியல்பாக மாறிவிடுகிறது. வீடில்லாமை ஒரு விருப்பமாகிவிடுகிறது. மணிக்கட்டு பழுதடைந்த கிழவிகளில் எத்தனை பேருக்கு இப்படி இரண்டு வீடுகள் கதவு திறந்து காத்திருந்தன என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

இவ்விடத்தில் வேறொரு படைப்பை ஒப்புநோக்குதல் பயனுடையது. அலன் பெனற் என்னும் ஆங்கில நாடகாசிரியர், இலண்டன் கம்டன் பகுதியிலுள்ள தம் வீட்டு முற்றத்திலே வண்டியை நிறுத்திக்கொள்ள ஒரு கிழவிக்கு 1974இல் இடமளித்தார். சில மாதங்களுக்கு என்று எண்ணியே அளித்தார். அவர் 1989இல் இறக்கும்வரை, பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். 'தி லேடி இன் த வான்' என்று அவரைப் பற்றிப் பெனற் எழுதிய நாட்குறிப்பு 1989இல் வெளிவந்தது, 1999இல் நாடகமாயிற்று, 2015இல், காலஞ்சென்ற மகி ஸ்மித் நடிக்கப் படமாயிற்று. மிஸ் ஷெப்பேட் என்று அறியப்பட்ட அம்மூதாட்டி இளமையிலே பாரிசில் பியானோ பயின்றவர். கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். சொந்தச் சகோதரனாலேயே மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்.

இந்த நாட்குறிப்பிலே கவித்துவமான அந்திவானம் இல்லை. நாற்றம் உண்டு. மலம் உண்டு. கால் நடக்க மறுத்த முதுமை உண்டு. மஞ்சள் வர்ணத்தை வீட்டுச் சுவருக்குப் பூசுவதுபோல் வண்டிக்குப் பூசும் பிடிவாதம் உண்டு. பதினைந்து ஆண்டுகளின் சலிப்பு உண்டு. தேதியிட்டுத் தேதியிட்டு எழுதப்படும் நாட்குறிப்பு என்னும் வடிவம் நாட்பட்ட நோய்க்கு ஏற்ற வடிவம் என்பதை இங்கு காண்கிறோம். அதற்கும் உச்சக்கட்டம் தேவையில்லை. பிரித்தானியாவிலே 1948இலிருந்து இலவசத் தேசிய மருத்துவ சேவை உண்டு. ஆகவே மருந்துக்குப் பணமின்மை இங்கு பிரச்சினையன்று. மருத்துவமனை என்றால் தன்னைப் பூட்டிவைத்த இடம் என்று அறிந்த ஒருத்தி, மருத்துவமனைக்கு எப்படிப் போவாள் என்பதே பிரச்சினை. இறப்பதற்கு முன்னைய நாள் அம்புலன்ஸ் வந்து அவரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றது. குளிப்பாட்டி, புத்துடை உடுத்தித் திருப்பியனுப்பினர். மறுநாள் வண்டியிலே இறந்து கிடந்தார். இதைப் பெனற் அலங்காரமின்றி எழுதியிருக்கிறார்; மலையுச்சியும் குருவியும் தரமுடியாத ஒன்றை அந்தக் குளியல் தருகிறது.

பெனற்றிடம் குறையில்லையா? உண்டு. அவர் பார்ப்பது வீட்டுச் சன்னலிலிருந்து. வண்டிக்குள்ளிருந்து வீடு எப்படித் தெரிந்தது என்பது எமக்கு என்றுமே தெரியாது. அயல்வீட்டு மத்தியதர வர்க்கத்தாரின் மனச்சாட்சியே அந்நூலின் கரு. கிழவி அதற்கு உரைகல். ஆயினும் அவர் இதனை மறைக்கவில்லை. தாம் செய்தது கருணையன்று, பெரும்பாலும் தம் அமைதிக்காகவே என்று ஒப்புக்கொள்கிறார். நாடகத்திலே வாழும் பெனற், எழுதும் பெனற் என்று தம்மையே இருவராகப் பிரித்து, ஒருவர் மற்றவரைக் குற்றஞ்சாட்டும்படி விடுகிறார். பிறர் துன்பத்தை எழுத்தாக்கிப் பிழைக்கும் எழுத்தாளன் மீதான அந்த வழக்கு ஷாவோவின் படத்தில் தொடங்கப்படவே இல்லை. லிண்டா மே பாலைநிலத்திலே ஐந்து ஏக்கர் காணி வாங்கித் தன் கையாலேயே வீடு கட்ட முயன்றதோடு புரூடரின் நூல் முடிகிறது. அதாவது, நூலின் நாடோடி வீட்டை நோக்கிப் போகிறாள். படத்தின் நாடோடி வீட்டை விட்டுப் போகிறாள்.

அடுத்த மாதக் கலைவட்டத்திலே, நான் முன்பு பேசியதில் பிழை இருந்தது என்று மாணவருக்குக் கூறினேன். பின்வரிசை மாணவியின் கேள்விக்கு விடையாக, எல்லைக்கப்பால் உள்ள அந்த ஊரைப் பற்றியும் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள்.

"அப்ப பாஸ்போட் வேணுமே, சேர்?"

வேண்டும் என்றேன். போவதைவிடத் திரும்பி வருவதற்கே அது வேண்டும். 2009இலிருந்து தரைவழியே அமெரிக்காவுக்குள் மீள்பவர் அதையோ அதற்கீடான பத்திரத்தையோ காட்டியாக வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. விண்ணப்பத்தில் முகவரி என்று ஓர் இடமும் உண்டு என்றேன்.